பேனலுக்கு அடியில் புறாக் குடித்தனம்

மாடி மின்சாரம்: வாசகர் கேள்வி – பதில்

சோலார் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். மானியத்தைப் பற்றிக் கேட்டவர்களைவிடப் புறாவைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். எனக்கு ஆச்சரியமில்லை. திருச்சியில் சோலார் வேலை எடுத்துச் செய்கிறவள் நான். பேனல் மாட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து கொஞ்ச காலம் கழித்து ஃபோன் வந்தால், "இன்வெர்ட்டர் ஓடலையா?" என்று கேட்பதற்கு முன்னால் "புறாவா?" என்றுதான் கேட்பேன். கடிதம் எழுதியவர்களில் பலர் பக்கத்து வீட்டையும் சேர்த்துத் திட்டியிருப்பதால், ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறோம்.

எங்கள் மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. முதலில் ஒரு நாளைக்கு 12, 13 யூனிட் வந்தது. இப்போது 9-ஐத் தாண்டவில்லை. பேனலுக்கு அடியில் புறாக்கள் கூடு கட்டியிருக்கின்றன. காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பிப் பறவைகளை விரட்டும் கருவி ஒன்றை ஆன்லைனில் பார்த்தேன். வாங்கலாமா மேடம்?
– வாசகர், மேற்கு மாம்பலம்

வாங்காதீர்கள். அல்ட்ராசோனிக் என்பது 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி. அது நமக்குக் கேட்காது என்பது சரிதான், ஆனால் புறாவுக்கும் கேட்காது. புறாவின் காது எட்டும் எல்லை நம்முடையதைவிடக் கீழேயே முடிந்துவிடுகிறது. அந்தக் கருவியால் தொந்தரவு வருமென்றால் உங்கள் தெரு நாய்க்கு வரலாம். கருவியின் தலைமேலேயே புறா உட்கார்ந்திருக்கும் படத்தை என் வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். பணம் போனாலும் சிரிக்க முடிந்தது அவருக்கு.

அடுத்து, 12 யூனிட் 9 ஆனதற்குப் புறாதான் காரணம் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். மார்ச் மாத எண்ணையும் நவம்பர் மாத எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் மனசு கெடும். ஒரு நாள் சாயங்காலம் எல்லாப் பேனல்களையும் நன்றாகக் கழுவுங்கள். மறுநாள் வானம் தெளிவாக இருந்தால் அன்றைய யூனிட்டை அதற்கு முந்தைய தெளிவான நாளோடு ஒப்பிடுங்கள். எண் ஏறியிருந்தால் குற்றவாளி எச்சமும் தூசியும்தான். ஏறவில்லையென்றால், பக்கத்து மனையில் புதிதாக எழும்பிய மாடி, நீங்களே வைத்த இரண்டாவது தண்ணீர் டேங்க், வளர்ந்துவிட்ட வேப்பமரம் இவற்றின் நிழல் எத்தனை மணிக்கு எந்தப் பேனலில் விழுகிறது என்று பாருங்கள்.

எச்சம் ஏன் தூசியைவிட மோசம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூசி எல்லா இடத்திலும் மெல்லியதாகப் படியும். ஒளி கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். எச்சம் ஓர் இடத்தில் கெட்டியாக விழுந்து ஒளியை அங்கே முழுசாக அடைத்துவிடும். ஒரு பேனலுக்குள் இருக்கும் சிறு செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. ஒரு செல் மறைந்தால் அந்த வரிசை முழுவதிலும் மின்னோட்டம் குறையும். அது மட்டுமல்ல, மறைந்த செல் மின்சாரம் தருவதற்குப் பதிலாக மற்ற செல்கள் தருவதை வாங்கிச் சூடாகத் தொடங்கும். இதைத்தான் ஹாட் ஸ்பாட் என்கிறோம். இதைத் தடுக்கத்தான் பேனலின் பின்னால் இருக்கும் பெட்டியில் பைபாஸ் டையோடுகள் வைத்திருக்கிறார்கள், வழக்கமாக மூன்று. அவை வேலை செய்யும்போது மறைந்த பகுதியைச் சுற்றிக்கொண்டு மின்னோட்டம் போகும். செல் பிழைக்கும், ஆனால் அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி வரை அன்றைக்கு இல்லை. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் எச்சம் காய்ந்து கிடந்தால் அங்கே செல் பழுப்பேறிப் போவதையும் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் புறாக்கள். எல்லோரும் பேனலின் மேல்பக்கத்தைப் பார்த்துத்தான் கவலைப்படுகிறார்கள். எனக்குக் கவலை அடிப்பக்கம். மாடப்புறா ஆதியில் மலைப்பாறை இடுக்குகளில் கூடு வைத்த பறவை. கோயில் கோபுரம், கிணற்றுப் பொந்து, ஏ.சி. வெளி யூனிட்டின் பின்புறம் எல்லாமே அதற்குப் பாறை இடுக்குதான். பேனலின் அடி இவை எல்லாவற்றையும்விட வசதி. மழை படாது, வெயில் படாது, பருந்து நுழையாது, பூனைக்கும் மாடிப்படிக் கதவு பூட்டியிருக்கும். மேலே வந்து உட்காரும் புறா போய்விடும். அடியில் கூடு வைத்த புறா போகாது, குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சும் அங்கேயே ஜோடி சேரும். அதனால் விரட்டுவதை விட்டுவிட்டு அடியை அடைப்பதைப் பற்றி யோசியுங்கள். எப்படி அடைப்பது என்பதை அடுத்த கடிதத்துக்கான பதிலில் சொல்கிறேன்.

பேனலைச் சுற்றி வலை அடிக்க ஆள் வந்து பார்த்தார். பேனல் ஃபிரேமில் டிரில் போட்டு ஸ்குரூ அடிப்பேன் என்கிறார். யூடியூபில் பார்த்தால் அரை அடி அகல மெஷ்ஷைக் கிளிப் போட்டு மாட்டுகிறார்கள். எது சரி?
– வாசகி, கே.கே. நகர், மதுரை

டிரில் கூடாது. ஃபிரேமில் ஓர் ஓட்டை போட்டாலும் பேனல் கம்பெனிக்கு வாரண்டியை மறுக்க அது போதும். 25 வருஷ வாரண்டியை ஒரு ஸ்குரூவுக்காக இழக்காதீர்கள்.

ஆனால் யூடியூபில் நீங்கள் பார்த்ததும் நம் வீட்டுக்குப் பொருந்தாது. அந்த வீடியோக்களில் பெரும்பாலும் இங்கிலாந்து, அமெரிக்க வீடுகள். அங்கே சரிவான ஓட்டுக் கூரை, பேனல் கூரையோடு ஒட்டினாற்போல் படுத்திருக்கும். இடைவெளி ஒரு சாண்கூட இருக்காது, அதனால் அரை அடி மெஷ் போதும். நமக்கோ தட்டையான கான்கிரீட் தளம். தெற்கு நோக்கி 10 டிகிரியோ கொஞ்சம் கூடவோ சாய்த்து இரும்புக் கால்களில் நிறுத்துகிறோம். இரண்டு வரிசைப் பேனல் வைத்தால் முன்பக்கம் ஓர் அடி உயரம் இருக்கும்போது பின்பக்கம் மூன்றரை அடி வந்துவிடும். அதனால் நாம் போடுவது முழுக் கூண்டு மாதிரி, நான்கு பக்கமும் ஃபிரேமிலிருந்து தளம் வரை.

எதில் போடுவது? ஜி.ஐ. வெல்ட் மெஷ், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி வலை, நல்லது, பி.வி.சி. பூச்சு இருந்தால் இன்னும் நல்லது. புறாவை மட்டும் தடுக்க 2 அங்குலக் கண் போதும். ஆனால் நான் அரை அங்குலம் அல்லது முக்கால் அங்குலக் கண்ணைத்தான் போடச் சொல்வேன், காரணம் அணில். புறா அசிங்கம் பண்ணும், அணில் கேபிளைக் கடிக்கும். ராமருக்கு உதவிய பிராணியைப் பற்றி இப்படிச் சொல்வது பாவம்தான், ஆனால் பேனலிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் டி.சி. கேபிளில் தோல் உரிந்து ஸ்பார்க் அடித்தால், பக்கத்திலேயே காய்ந்த குச்சிக் கூடும் இருந்தால், என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நைலான் வலை மலிவு, அடுக்குமாடிப் பால்கனிகளுக்குப் போடுகிறார்களே அது. வெயிலைத் தாங்கும் யு.வி. ரகமாகக் கேட்டு வாங்கினால் சில வருஷம் ஓடும். சாதா வலை நம் ஊர் வெயிலில் பொடியாகிவிடும், பாதி அறுந்த வலை வலையே இல்லாததைவிட மோசம். புறா உள்ளே நுழைந்துவிட்டு வெளியே வரத் தெரியாமல் சிக்கிச் சாகும், நாற்றம் வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

மெஷ்ஷை ஃபிரேமின் உள் விளிம்பில் பிடிக்கும் கிளிப் தனியாகக் கிடைக்கிறது. அதில் மாட்டலாம், அல்லது ஃபிரேமைத் தொடாமல் இரும்பு ஸ்ட்ரக்சரிலேயே கட்டலாம். பிளாஸ்டிக் டை போட்டால் கறுப்பு நிற யு.வி. டை வேண்டும், வெள்ளை டை வெயிலில் உடைந்து உதிர்ந்துவிடும். வேலை தொடங்குவதற்கு முன் இந்த மூன்றைப் பேசிவிடுங்கள். ஒரு பக்கத்தில் திறந்து மூடும்படி கதவு விட வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு ஒரு கனெக்டர் போனாலும் மெஷ்ஷை வெட்டித்தான் உள்ளே போக முடியும். தளத்தைத் தொடாமல் அடியில் அரை அங்குலம் விட வேண்டும், இல்லாவிட்டால் சருகு சேர்ந்து மழைத்தண்ணீர் நிற்கும். தகரமோ ஷேட் நெட்டோ போட்டு ஒரேயடியாக மூடவே கூடாது. பேனல் சூடானால் உற்பத்தி குறையும், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம். சித்திரை வெயிலில் பேனல் 65 டிகிரி தொட்டால் அதிலேயே 14 சதவீதம் போகிறது. அடியில் ஓடும் காற்றையும் நிறுத்தினால் புறாவிடம் மிச்சப்படுத்தியதைச் சூட்டுக்குக் கொடுத்ததாகிவிடும்.

கூலி ரன்னிங் அடிக் கணக்கில் சொல்வார்கள். அளவை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். இப்போது வருகிற 540 வாட் பேனல் சுமார் 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம். 3 கிலோவாட்டுக்கான ஆறு பேனலும் ஒரே வரிசையில் நின்றால் சுற்றளவு 60 அடி. மூன்று மூன்றாக இரண்டு வரிசை என்றால் 53 அடி போதும். "எண்பது அடி ஆகும் மேடம்" என்று யாராவது சொன்னால் டேப்பை நீட்டிவிடுங்கள்.

நாங்கள் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஜி.ஐ. மெஷ் துரு ஏறுகிறது. செம்புக் கம்பியால் கட்டினால் துரு வராது என்கிறாரே எங்கள் எலக்ட்ரீஷியன்?
– வாசகர், தூத்துக்குடி

செம்பு துருப்பிடிக்காது, ஆனால் அது தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினிய ஃபிரேமை உப்புக்காற்று அரித்துவிடும். இரண்டு வேறு உலோகமும் நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் அங்கே ஒரு சின்ன பேட்டரியே உருவாகிவிடுகிறது, அழிவது அலுமினியம். கடலோரத்துக்கு எஸ்.எஸ். 316 என்கிற துருப்பிடிக்காத எஃகு ரகத்தில் கிளிப், பி.வி.சி. பூச்சுப் போட்ட மெஷ். விலை கூடத்தான் செய்யும். அது முடியாதென்றால் உங்கள் ஊரில் நான் நைலானுக்கும் சம்மதிப்பேன். மீன்வலை பின்னுகிறவர்கள் இருக்கிற ஊர், நல்ல வலைக்கும் அதை இழுத்துக் கட்டத் தெரிந்த கைக்கும் பஞ்சமில்லை.

அக்கா, முள் பட்டை, பிளாஸ்டிக் ஆந்தை, பழைய சி.டி., மினுமினுக்கும் ரிப்பன், இதில் எது பெஸ்ட்?
– கல்லூரி மாணவர், சேலம்

எதுவும் இல்லை தம்பி. ஆந்தையைப் பார்த்துப் புறா முதல் வாரம் பயப்படும், அசையாத ஆந்தை என்று தெரிந்ததும் பக்கத்தில் வந்து உட்காரும். சி.டி.யும் ரிப்பனும் அப்படித்தான். முள் பட்டையைக் கைப்பிடிச் சுவரிலும் டேங்க் விளிம்பிலும் ஒட்டினால் அங்கே உட்காராமல் இருக்கும், பேனலின் மேல் விளிம்பில் ஒட்டினால் அந்த முள்ளின் நிழலே செல்மேல் விழும். அடியில் இருக்கும் கூட்டுக்கு அது எந்த வகையிலும் சம்பந்தமில்லை.

இன்னொரு கதை. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரத்தில் மேக்பை என்கிற பறவையும், நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் ஒரு காக்கையும், கட்டடங்களில் ஒட்டியிருந்த இதே பறவை விரட்டும் முள் பட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கூடு கட்டியிருந்ததை 2023-இல் டச்சு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். மேக்பை அந்த முட்களைக் கூட்டின் கூரையில் வெளிப்பக்கம் பார்க்க வைத்திருந்ததாம், தன் முட்டையைத் திருட வரும் பறவைகளுக்கு எதிராக. நம் காக்காய் எப்போதோ கட்டுக்கம்பியில் கூடு கட்ட ஆரம்பித்துவிட்டது, முள் பட்டை மட்டும் என்ன பெரிய விஷயம்?

ஒட்டும் ஜெல் என்று ஒன்றும் விற்கிறார்கள். அதைத் தொடாதே. சிறகில் ஒட்டினால் சின்னப் பறவைகள் பறக்க முடியாமல் சாகும், வெயிலில் உருகிக் கண்ணாடியில் வழிந்தால் அதைச் சுரண்டி எடுக்கிற வேலை உன்னுடையது.

மெஷ் அடிக்க ஆள் சொல்லிவிட்டோம். பார்த்தால் ஒரு கூட்டில் இரண்டு முட்டை, இன்னொன்றில் கண் திறக்காத குஞ்சுகள். மாமியார் "பாவம், தொடாதே" என்கிறார். கணவர் "இதையெல்லாம் பார்த்தால் வேலை நடக்காது" என்கிறார்.
– வாசகி, கும்பகோணம்

மாமியார் பக்கம்தான் நான். என் ஆட்களைக் கூட்டில் கை வைக்க விடுவதில்லை. குஞ்சோடு மெஷ்ஷை மூடினால் தாய் வெளியே நின்று தவிக்கும், குஞ்சு உள்ளே பட்டினியில் சாகும். விலங்குகளை வதைப்பது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம், அந்த நாற்றத்தோடு நீங்கள் குடியிருக்க வேண்டும் என்பது இன்னொருபுறம்.

உங்கள் கணவர் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. புறா சும்மா இருக்கும் நாளே கிடையாது. முட்டை பொரிக்க 18 நாள் போல ஆகும், குஞ்சு பறக்க அதற்குமேல் ஒரு மாதம் போல ஆகும், முதல் குஞ்சு பறக்கும் முன்பே தாய் அடுத்த முட்டையை இட்டுவிடுவதும் உண்டு. "எல்லாம் போகட்டும்" என்று காத்திருந்தால் அடுத்த பொங்கலும் வந்துவிடும்.

நாங்கள் செய்கிற வழி இது. கூடு இல்லாத பக்கங்களை எல்லாம் இப்போதே அடைத்துவிடுங்கள். முட்டையும் குஞ்சும் இருக்கும் மூலையில் மட்டும் ஓர் அடி திறந்து வையுங்கள். புது ஜோடிகள் உள்ளே வர இடமிருக்காது, இருக்கிற தாய் தகப்பன் வந்து போகும். இரண்டுமே மாறி மாறி அடைகாக்கும், இரண்டுமே தொண்டைப் பையில் சுரக்கும் பாலைக் குஞ்சுக்கு ஊட்டும், அதனால் பெரும்பாலும் ஒன்று அங்கே இருக்கும். குஞ்சுகள் பறந்த அன்றே கூட்டை எடுத்து, தளத்தைக் கழுவி, அந்த ஓர் அடியையும் மூடுங்கள். மறுநாள் என்று தள்ளிப்போட்டால் மறுநாள் முட்டை இருக்கும். மூடுவதற்கு முன் டார்ச் அடித்து உள்ளே முழுசாக ஒரு தடவை பாருங்கள். கடைசிப் பேனலுக்கும் இரும்புக் காலுக்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

எதிர்வீட்டுக்காரர் தினமும் காலையில் மொட்டை மாடியில் ஒரு படி கம்பு கொட்டுகிறார். ஐம்பது அறுபது புறா வருகிறது. தின்றுவிட்டு எங்கள் பேனலில் வந்து ஓய்வெடுக்கிறது. கேட்டால் புண்ணியம் என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், வேளச்சேரி

அவருக்குப் புண்ணியம், உங்களுக்குப் பராமரிப்புச் செலவு. இந்தச் சண்டை உங்கள் தெருவோடு நிற்கவில்லை. மும்பை தாதரில் புறாக்களுக்குத் தீனி போடும் பழைய இடமான கபூதர்கானாவை 2025-இல் மாநகராட்சி தார்பாய் போட்டு மூட, ஒரு கூட்டம் வந்து அதைக் கிழிக்க, விஷயம் உயர் நீதிமன்றத்தில் நின்றது. அங்கே மூடச் சொன்னதற்குக் காரணம் பேனல் அல்ல, நுரையீரல். காய்ந்த எச்சத்தின் தூளைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வரும், முற்றினால் அந்தத் திசு தடித்துப்போய்த் திரும்பாது. புறா வளர்ப்பவர்களிடம் டாக்டர்கள் நெடுநாளாகப் பார்க்கிற நோய் இது. எதிர்வீட்டில் ஆஸ்துமா உள்ள பெரியவரோ குழந்தையோ இருந்தால் அந்தப் பக்கமாகப் பேச்சை ஆரம்பியுங்கள். "என் யூனிட் குறைகிறது" என்றால் உங்கள் கஷ்டம், "உங்கள் பேரனுக்கு இருமல் வரும்" என்றால் அவர் கஷ்டம்.

அதற்கும் மசியவில்லையென்றால் குடியிருப்போர் நலச் சங்கத்தில் பேசுங்கள். எதுவும் நடக்காவிட்டாலும் மெஷ் உங்கள் கையில் இருக்கிறது. அடி அடைபட்டால் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும், குடிவராது.

பெரம்பூரில் பக்கத்து மாடியில் பந்தயப் புறா வளர்க்கிறார்கள். அவைதான் எங்கள் பேனலை அசிங்கம் செய்கின்றன என்று நினைக்கிறேன்.
– வாசகர், பெரம்பூர்

காலில் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். பந்தயத்துக்கு வளர்க்கும் ஹோமர் புறாவுக்குக் குஞ்சிலேயே காலில் வளையம் போட்டுவிடுவார்கள். அது பறந்து வந்தால் நேராகத் தன் கூண்டில்தான் இறங்க வேண்டும், வேறு மாடியில் உட்கார்ந்து நேரம் போக்கினால் பந்தயத்தில் தோற்றுப்போகும். வளர்ப்பவருக்கே அது பிடிக்காது. உங்கள் மாடிக்கு வருவது அநேகமாக ஊர்ப் புறாதான், அந்தக் கூண்டில் சிந்தும் தானியத்துக்காகச் சுற்றுகிற கூட்டம். அவரிடம் தீனித் தட்டைக் கூண்டுக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள். சண்டையாகப் போகாமல் "எங்கள் மாடியில் உங்கள் புறா இறங்குகிறது, கொஞ்சம் பாருங்கள்" என்று போங்கள். வடசென்னையில் புறாக்காரருக்கு அதைவிட அவமானம் வேறில்லை, ஓடி வந்து பார்ப்பார்.

பேனல் கழுவ என்ன தண்ணீர், என்ன சோப்பு? எங்களுக்குப் போர் தண்ணீர்தான். ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணீரைச் சேர்த்து வைத்துக் கழுவுகிறேன். கண்ணாடியில் வெள்ளையாகப் படிகிறது.
– வாசகி, நாவலூர்

தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணத்துக்கு ஒரு வணக்கம். ஆனால் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரில் உங்கள் போர் தண்ணீரைவிடவும் உப்பு அதிகம், நல்ல தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதை மாப்பு போட வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் குடத்தில் பிடியுங்கள். அது காற்றிலிருந்து குளிர்ந்து வந்த தண்ணீர், உப்பே இருக்காது. மழைநீரும் அப்படியே. கோடையில் ஏ.சி. ஓடும் வீட்டில் ஆறு பேனலின் எச்சக் கறைக்கு அது தாராளம். முழுக் கழுவலுக்குப் போர் தண்ணீர்தான் என்றால், கழுவிய கையோடு ரப்பர் வைப்பரால் இழுத்துவிடுங்கள், கண்ணாடியில் காய விடாதீர்கள்.

சோப்புத்தூள், ஆசிட், தேங்காய் நார், இரும்பு நார் எதுவும் வேண்டாம். கண்ணாடியின் மேல் ஒளியைத் திருப்பி அனுப்பாமல் உள்வாங்கும் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது, அது கீறிப் போகும். காய்ந்த எச்சத்தின் மேல் ஈரத் துணியைப் போட்டுவிட்டுக் காபி குடித்துவிட்டு வாருங்கள். ஊறினால் தானாக வரும்.

காலை ஏழு மணிக்கு முன்னால், அல்லது வெயில் இறங்கிய பிறகு. உச்சி வெயிலில் கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் விரிசல் விழலாம். அடித்தளத்தில் குவிந்த எச்சத்தை விளக்குமாற்றால் காயக் காயப் பெருக்கவே கூடாது, முன் பதிலில் சொன்ன தூள் அத்தனையும் உங்கள் மூக்கில் போகும். என்-95 மாஸ்க் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்து, பிறகு வாரி எடுங்கள்.

இதைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லி ஆசிரியரைக் கேட்டேன், முடியாது என்றார்: இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டாலும் வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து வரும் டி.சி. கேபிளில் மின்சாரம் இருக்கும். ஆறு பேனல் தொடராக நின்றால் ஏறத்தாழ 300 வோல்ட். உரிந்த கேபிள், திறந்த கனெக்டர், அணில் கடித்த தழும்பு ஏதாவது கண்ணில் பட்டால் தண்ணீர்க் குழாயைக் கீழே வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பேனல் மேல் ஏறி நடக்காதீர்கள். "இந்தக் கண்ணாடி உடையாது" என்று மாட்டியவர் ஏறிக் காட்டியிருப்பார். கண்ணாடி உடையாதுதான், உள்ளே செல் உடையும், அது கண்ணுக்குத் தெரியாது.

எங்கள் தோட்டத்து வீட்டு மாடியில் மயில் வந்து பேனல் மேல் நிற்கிறது. நகம் கீறாதா? பட்டாசு போடலாமா?
– வாசகர், பல்லடம்

பட்டாசு வேண்டாம், வலைப் பொறியும் வேண்டாம். மயில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வழக்கு வந்தால் லேசில் விடாது. ஓர் ஆண் மயில் ஐந்து கிலோ போல இருக்கும். அதைப் பேனல் தாங்கும், நகமும் அந்தக் கண்ணாடியில் ஒன்றும் செய்யாது. எச்சம்தான் பெரிசு பெரிசாக விழும். மயில் அடியில் கூடு வைக்காது, உயரம் பார்த்து ஏறி நிற்கத்தான் வருகிறது. பேனலைவிட உயரமாக, பேனலில் நிழல் விழாத வடக்குப் பக்கத்தில் ஒரு மரக்கிளையோ கம்பமோ இருந்தால் பெரும்பாலும் அங்கே போய்விடும். மாடியில் சோளம் காயப்போடும் வழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள்.

அமாவாசை தவறாமல் காக்காய்க்குச் சாதம் வைப்போம். கைப்பிடிச் சுவரில் வைத்தால் எலும்பும் குப்பையும் பேனலில் கொண்டு வந்து போடுகிறது. விடவும் முடியவில்லை.
– வாசகி, ஸ்ரீரங்கம்

விட வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். பேனலுக்கு எதிர்க்கோடியில், முடிந்தால் ஒரு மாடி கீழே, சமையலறைப் பக்கத்துச் சன்ஷேடில். பக்கத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர். காக்காய் கெட்டியான தீனியை நனைத்துத் தின்னும், தண்ணீர் அங்கேயே இருந்தால் தூக்கிக்கொண்டு அலையாது. என் அம்மாவும் ஸ்ரீரங்கத்துக்காரர்தான். "முன்னோருக்கு எந்தச் சன்ஷேடு என்று தெரியாதா?" என்று கேட்டுவிட்டு இடத்தை மாற்றினார்.

மீட்டர் பெட்டியில் சிட்டுக்குருவி கூடு வைத்திருக்கிறது. எடுத்துவிடவா?
– வாசகர், திண்டுக்கல்

குஞ்சு பறக்கட்டும், மொத்தமே ஒரு மாதக் கதை. பிறகு பெட்டியின் ஓட்டையை அடைத்துவிட்டு, பக்கத்துச் சுவரில் ஒரு மரப்பெட்டி மாட்டுங்கள். உங்களுக்குப் புறா வரவில்லை, குருவி வந்திருக்கிறது. இந்தப் பக்கம் முழுக்கப் படித்தவர்கள் உங்கள்மேல் பொறாமைப்படுவார்கள்.

அடுத்த மாதம் புதிதாக 3 கிலோவாட் போடப் போகிறோம். 78,000 ரூபாய் மானியம் என்கிறார்கள். புறாத் தொல்லை வராமல் முதலிலேயே என்ன செய்யலாம்?
– வாசகர், கரூர்

முதலிலேயே கேட்கிற ஒரே ஆள் நீங்கள். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 சரிதான். மெஷ் அந்த விலைப்பட்டியலில் வழக்கமாக இருக்காது, தனியாகக் கேட்டு வாங்குங்கள். பேனல் மாட்டுகிற அன்றே அடித்தால் கூடும் இல்லை, முட்டையும் இல்லை, கும்பகோணம் வீட்டைப் போல அம்மா மகன் வாக்குவாதமும் இல்லை.

இடம் இருந்தால் எட்டடி உயரத்தில் ஸ்ட்ரக்சர் போடுங்கள், அடியில் நடமாடலாம், துணி காயப்போடலாம். ஆள் நடமாடும் இடத்தில் புறா கூடு வைக்கத் தயங்கும். ஆனால் பேனலைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்தில் ராத்திரி வந்து வரிசையாக அடையும். அந்தச் சட்டத்தின் அடியில் நைலான் வலையைக் கிடைமட்டமாக இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். கேபிள்களைத் தொங்க விடாமல் குழாய்க்குள் விடச் சொல்லுங்கள். சட்டத்தின் வாய் திறந்த பக்கம் மேல்நோக்கி இருந்தால் அதுவே தொட்டில், கீழ்நோக்கித் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். காற்று அதிகம் வீசும் ஊர் உங்களுடையது, உயரக் கால்களுக்கு அடித்தளக் கான்கிரீட் போதுமா என்று பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டுப் பணம் கொடுங்கள்.